தலைகீழ்க் குருவி

“குருவி தலைகீழாத் தொங்குச்சு சார்.”

அக்கா சொன்னது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கை வெளியே தள்ளி, இரண்டு கையையும் இறக்கை மாதிரித் தொங்கவிட்டு அவர் நடித்துக் காட்டியபோது கான்ஸ்டபிள்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாலுவும் சிரித்து வைத்தான். இன்ஸ்பெக்டர் ஜோக்கடித்தால் சிரிக்காமல் இருப்பது லாக்கப்பில் இருக்கும் அக்காவுக்கு நல்லதில்லை.

வாலு என்பது அக்கா வைத்த பெயர். வால் தேய்ந்து, தொப்பை வளர்ந்து, முன்மண்டை வெட்டவெளியான பிறகும் பெயர் மட்டும் அவனை விடவில்லை. வேலை, வக்கீலம்மாவுக்கு உதவியாளன். வக்கீலம்மா கறுப்புக் கோட்டை என்றைக்கோ கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். ஊர்தான் அதை ஒப்புக்கொள்ளாமல் இன்னும் வக்கீலம்மா என்றே கூப்பிட்டது. அவர் பின்னால் வாலு எத்தனையோ பேருடைய அக்கா தங்கைகளுக்காக அலைந்திருக்கிறான். அலைந்த வழியெல்லாம் நையாண்டி பேசியிருக்கிறான். சொந்த அக்கா என்று வந்த பிறகும் அந்த வாய் ஓயவில்லை. பயம் வந்தால் கூடுதலாகப் பேசுகிற பிறவி அவன்.

அக்கா ஹோம் நர்ஸ். அவள் பார்த்துக்கொண்ட பெரியவர், மூச்சு மெஷின் செய்கிற கம்பெனியை ஆரம்பித்தவர். தலையெழுத்து, கடைசியில் அவரே ஒரு மெஷினில் மாட்டிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, வாயும் பேசாது. தொண்டையில் செருகிய குழாய் வழியாக மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. முந்தாநாள் சாயங்காலம் மெஷின் நின்றது. பெரியவரும் போய்ச் சேர்ந்தார்.

மெஷின் பட்டனில் அக்காவின் விரல் ரேகை. ஆமாம், நான்தான் அமுக்கினேன் என்று அவளே சொல்லிவிட்டாள். ஏன் என்றதற்கு, சரி பண்ணத்தான் என்றாள். எதைச் சரி பண்ண என்று கேட்டால் அழுகைதான் வந்தது. மெஷின் நின்றால் கையால் அமுக்கி மூச்சு கொடுக்க ஒரு ரப்பர் பை கட்டிலருகே கொக்கியில் எப்போதும் தொங்க வேண்டும். அதை ஏன் எடுக்கவில்லை என்றார்கள். கொக்கியில் இல்லை என்றாள். இன்ஸ்பெக்டர் பக்கத்து அறை அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து அவள் மூக்குக்கு நேராக ஆட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை குழாயில் வாயை வைத்து ஊதினேன் என்று அவள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்தக் குருவி வந்து சேர்ந்தது. பைத்தியம் மாதிரி நடிக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

வக்கீலம்மாவுக்குக் கிடைத்திருந்த ஒரே நூல் அந்தக் குருவிதான். இன்ஸ்பெக்டரையே துணைக்கு அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார்.

அறையில் மருந்து வாடை இன்னும் போகவில்லை. கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் தள்ளுவண்டியின்மேல், தையல் மெஷின் அளவில் அந்த மூச்சு மெஷின். முகப்பில் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது. ஒரு நீலக் குருவி.

“நேராத்தானே உட்கார்ந்திருக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

வாலு குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தான். “இப்படிப் பார்த்தா தலைகீழாத் தெரியுது சார். எங்க அக்காவால இவ்வளவு குனிய முடியாது, முதுகுவலி.”

வக்கீலம்மா குருவியைப் பார்க்கவே இல்லை. மெஷினின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மினுக்கியது. இது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். வந்ததிலிருந்தே இப்படித்தான், ஆஃப் பண்ணிய மெஷின்தானே, விட்டுவிட்டோம் என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆஃப் பண்ணா முழுக்கத் தூங்கணும். இது தூங்கலை, எழுந்திரிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது. அந்தப் பொண்ணு ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணியிருக்கா.” வக்கீலம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கொல்ல வந்தவ எதுக்கு ஆன் பண்றா?”

இன்ஸ்பெக்டர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெஷினை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

கம்பெனியின் சோதனைக்கூடத்தில் மேஜை மேஜையாக வயிறு திறந்த மெஷின்கள் கிடந்தன. அங்கே இருந்த இன்ஜினியரை எல்லோரும் ‘பூட்டு’ என்றே கூப்பிட்டார்கள். மெஷினுக்குள் வைரஸ் நுழையாமல் பூட்டு போட்டுக் கொடுத்தவர் அவர். அந்தப் பெயரை வசவாக எடுத்துக்கொள்ளாமல் பட்டமாக எடுத்துக்கொண்ட மனுஷன். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் சொன்னது இது. மெஷின் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் முதலில் கண் விழிப்பவன், சிப்புக்குள்ளேயே பொறித்து வைத்த ஒரு குட்டிக் காவல்காரன். அவனை யாராலும் மாற்ற முடியாது. மெஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேர் அவன் முன்னால் போய் நின்று கம்பெனியின் ரகசிய சீலைக் காட்ட வேண்டும். சாஃப்ட்வேரில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சீல் பொருந்தாது, அவன் உள்ளே விடமாட்டான். நெட்டில் இணைந்த மெஷின், எந்தப் புண்ணியவான் எங்கிருந்து வைரஸை ஏவுவான் என்று தெரியாது, அதற்காகத்தான் இந்தக் காவல். சிவப்பு மினுக்கினால், வாசலிலேயே ஒரு திருட்டுச் சாஃப்ட்வேரை மடக்கிவிட்டான் என்று அர்த்தம்.

“பூட்டு வேலை செஞ்சிருக்கு மேடம்.”

“வாழ்த்துகள் சார்,” என்றான் வாலு. “மெஷின் மேல ஒரு கீறல் இல்லை. மாட்டியிருந்த ஆள்தான் செத்துட்டார்.”

பூட்டுவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. மெஷின் நின்றபோது ஏன் அலாரம் அடிக்கவில்லை என்று வக்கீலம்மா கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கத்தறதும் சாஃப்ட்வேர்தான் மேடம். அதைத்தான் உள்ள விடலையே.”

பிறகு வக்கீலம்மா, அப்படியானால் பட்டனை அமுக்குகிற வரைக்கும் மெஷின் எப்படி ஓடியது என்று கேட்டார். அடையாளம் கேட்பது வாசலில் மட்டும்தானாம். ஓடிக்கொண்டிருக்கும்போது நைசாக எதையாவது மாற்றிவிட்டால், அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் காவல்காரன் கண்ணில் படும். அதாவது, அக்கா பட்டனைத் தொடுவதற்கு முன்பே யாரோ கை வைத்துவிட்டார்கள்.

என்ன வைரஸ் என்று பார்க்கச் சொன்னார் வக்கீலம்மா. பூட்டு ஒரு கேபிளைச் செருகி, மெஷினில் இருப்பதையும் கம்பெனியின் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பெரிய விஷமாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலி மெதுவாகப் பின்னால் போனது.

மாறியிருந்தது ஒரே ஒரு படம். மெஷின் ஓடும்போது திரையின் மூலையில் கம்பெனியின் நீலக் குருவி தெரியும். அது தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எதையோ சொல்ல வந்து இருமினார். வாலு அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். இந்த ஒரு தடவை மட்டும் அவனுக்கு நையாண்டி தேவைப்படவில்லை.

“இது வைரஸ் இல்லை,” என்றார் பூட்டு. “எங்க ஷோ.”

கம்பெனியை இப்போது நடத்துவது பெரியவரின் மாப்பிள்ளை. ஒரே மகள் காலமான பிறகும் வீட்டோடு தங்கிவிட்டவர். கண்காட்சிகளில் அவர் காட்டுகிற வித்தை அது. ஓடுகிற மெஷினுக்குத் தன் போனிலிருந்து ஒரு பொய் வைரஸை ஏவுவார். திரையில் குருவி கவிழும், கூட்டம் வாயைப் பிளக்கும். மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். காவல்காரன் கெட்டுப்போன காப்பியைத் தள்ளிவிட்டு, ஸ்டெப்னி டயர் மாதிரி உள்ளே பத்திரமாக இருக்கிற இன்னொரு காப்பியை எடுத்து ஓட்டுவான். குருவி நிமிரும்.

“இதுல ஏன் ஸ்டெப்னி வரலை?” என்றார் வக்கீலம்மா.

பூட்டு தரையைப் பார்த்தார். விலையைக் குறைக்க, வீட்டுக்குப் போகிற மெஷின்களில் சின்ன சிப் போட்டுவிட்டார்கள். அதில் ஸ்டெப்னிக்கு இடம் கிடையாது. கண்காட்சிக்குப் போகிற மெஷினில் மட்டும் உண்டு. தான் வேண்டாம் என்று சொன்னதாகவும், தப்பான சாஃப்ட்வேர் ஓடுவதைவிட மெஷின் நிற்பதே பத்திரம் என்று மீட்டிங்கில் முடிவானதாகவும் சொன்னார்.

“யாருக்குப் பத்திரம்?” என்று கேட்டான் வாலு.

அவர் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். “மனுஷன் மாட்டியிருக்கிற மெஷின்ல ஷோ காட்டுவாங்கன்னு யாருங்க நினைப்பாங்க?”

முந்தாநாள் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தார்களா என்று விசாரித்தார் வக்கீலம்மா. கம்பெனியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார், இங்கே பார்த்துவிட்டு மாப்பிள்ளையோடு வீட்டுக்குத்தான் போனார் என்று பூட்டு அந்த ஆளின் நம்பரையும் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அறை கம்பெனியிலேயே மாடியில் இருந்தது. கறுப்புச் சட்டை, சிவந்த கண், கைக்கெட்டுகிற தூரத்தில் டிஷ்யூ டப்பா. தலைகீழ்க் குருவி என்று வக்கீலம்மா ஆரம்பித்ததுமே அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். வந்தவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று மாமாவின் மெஷினிலேயே ஷோவைப் போட்டுக் காட்டினாராம். சொந்த மாமாவின் மூச்சையே பணயம் வைக்கிற அளவுக்கு நம் மெஷினில் நம்பிக்கை என்று பெருமை அடித்துக்கொண்டாராம். பிறகு பேச்சு சுவாரஸ்யத்தில் அதைச் சரி செய்ய மறந்துவிட்டாராம். மறுபடி ஆன் பண்ணினால் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாராம். வீட்டு மெஷினில் ஸ்டெப்னி இல்லை என்று சத்தியமாகத் தெரியாதாம்.

“நான் வெறும் சேல்ஸ்காரன்ங்க. சிப்பு கிப்பு எல்லாம் எனக்கென்ன தெரியும்? பயத்துல வாயை மூடிட்டேன். அந்தம்மாவை விட்டுடுங்க. அலட்சியம் என்னோடதுதான்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். அலட்சியத்தால் வந்த மரணம், அதற்குத் தகுந்த கேஸ் போட்டுக்கொள்ளலாம், நர்ஸை விட்டுவிடலாம் என்றார். வாலுவின் கால்கள் அவனைக் கேட்காமலே வாசலுக்குப் போய்விட்டன. போனவன் திரும்பி வந்து, அழுகிற ஆளிடம் டிஷ்யூ டப்பாவை நகர்த்திக்கூட வைத்தான். அவன் மனசு அப்படி. யார் அழுதாலும் அது முதலில் இளகிவிட்டுப் பிறகுதான் யோசிக்கும்.

வக்கீலம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த ஷோவை எத்தனை இடத்தில் காட்டியிருப்பீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்பது மாதிரி கேட்டார். கணக்கே இல்லை என்றார் மாப்பிள்ளை. எப்படி இருக்கும், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார் அவர். சேல்ஸ்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி. மாப்பிள்ளையின் கண் காய்ந்தது, முதுகு நிமிர்ந்தது, கை காற்றில் எழுந்தது.

“குருவி கவிழ்ந்ததும் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணுவேன். அந்தச் சில வினாடி கூட்டமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் ஆன். குருவி நிமிரும். கைதட்டுல காது கிழியும்.”

“அன்னிக்கு யார் கைதட்டினாங்க?”

காற்றில் இருந்த கை அங்கேயே நின்றது.

“கவிழ்த்தீங்க, நிமிர்த்தலை,” என்றார் வக்கீலம்மா. “கைதட்டு வாங்காம பாதியில கடையைக் கட்டுற சேல்ஸ்காரனை நான் பார்த்ததே இல்லை. பட்டனை அமுக்கினா அது எழுந்திரிக்காதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

மாமா தூங்கிக்கொண்டிருந்தார், தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டேன் என்றார் மாப்பிள்ளை. வக்கீலம்மா தலையாட்டிவிட்டு, பூட்டு கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு மேஜையின் நடுவில் வைத்தார். வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பாத ஒரு குரல் பேசியது. ஆமாம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டுங்கள் என்று நான்தான் கேட்டேன். பெரியவர் தூங்குகிறார் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். ஆனால் பெரியவர் தூங்கவில்லை. குருவி கவிழ்ந்ததிலிருந்து என்னையே பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ வியாதி போலிருக்கிறது என்று நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வேறு ஏதாவது உண்டா என்று வக்கீலம்மா கேட்டார். ஷோவுக்கு முன்னால் மாப்பிள்ளை, கொக்கியில் தொங்கிய ஒரு ரப்பர் பையை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்தார். அது அங்கே தொங்கினால் நம் மெஷின்மேல் நமக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கும் என்றார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அலமாரியிலிருந்து எடுத்து ஆட்டிய பை அது.

கடைசியாக, கம்பெனியை விற்கப் பெரியவர் சம்மதித்தாரா என்று கேட்டார் வக்கீலம்மா. இல்லை என்றது குரல். ஒரு சிமிட்டல் என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் இரண்டு சிமிட்டினார். அவருக்குப் பிறகு எல்லாம் தனக்குத்தான், கொஞ்சம் பொறுங்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை ஒரு டிஷ்யூவை எடுத்து, கண்ணைத் துடைக்காமல் கையைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டதும் எழுந்தார். வாசலில் வாலுவின் பக்கத்தில் வந்ததும் நின்றார். நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

“உங்க அக்கா ரொம்ப ஒழுங்கானவங்க. காலையில ஃபில்டர் மாத்தறப்போ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. ஒரு நாள் தவறினதில்லை. அதை நம்பித்தான் நான் ஊருக்குக் கிளம்ப இருந்தேன். சாயங்காலமே அமுக்குவாங்கன்னு நினைக்கலை.”

வாலு வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் வக்கீலம்மா அவனிடம் ஒரு வேலை கொடுத்தார். அந்தச் சிமிட்டலுக்கு, விலை பேச வந்தவர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி அக்காவாகத்தான் இருக்கும். கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். அதற்கு முன்னால் யாராவது கேட்டுவிட வேண்டும்.

“நான் கேட்டா விசாரணை. நீ கேட்டா தம்பி,” என்றார். ஜீப்பிலிருந்து அவர் இறங்கவில்லை.

அக்காவை ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய இரண்டு உதடும் வெடித்து, பொருக்குத் தட்டியிருந்தன. குழாயில் வாயை வைத்து ஊதிய உதடு. இத்தனை நேரமும் அது எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. வாலு டீ வாங்கி வந்தான். சூடு பட்டு அவள் முகம் சுளித்தாள். அவன் டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தான். மாப்பிள்ளை செய்ததை, எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கிச் சொன்னான். பிறகு, அன்றைக்குப் பெரியவர் கண்ணைச் சிமிட்டினாரா என்று கேட்டான்.

“சிமிட்டினாரான்னா கேக்கற? என்னை வெளிய அனுப்பிட்டு அவங்க ரெண்டு பேரும் பேசிட்டுப் போனதிலிருந்து ஓயவே இல்லைடா. கண்ணு எரியுதான்னு கேட்டேன், இல்லைன்னார். நான் அதைக் கேக்காம சொட்டு மருந்து விட்டேன், அப்பவும் நிறுத்தலை. லைட்டா, இல்லை. வலியா, இல்லை. திரும்பிப் படுக்கணுமா, இல்லை. எனக்கும் உடம்பு முடியலை, சும்மா இருங்கய்யான்னு ஒரு அதட்டுப் போட்டுட்டேன்.” அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அப்புறம்தான் மெஷினான்னு கேட்டேன். ஒரே சிமிட்டு. ஆமான்னார். கண்ல தண்ணி கொட்டுது மனுஷனுக்கு. பார்த்தா மூலையில குருவி தலைகீழா இருக்கு. ஓ, இதைத்தான் சொல்றார்னு எனக்கு ஒரே சந்தோஷம். இருங்கய்யா, இப்ப சரி பண்ணிடறேன்னு பட்டன்கிட்ட கையைக் கொண்டு போனேன்.”

நிறுத்தினாள். வாலு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதோடு விட்டிருப்பாளோ என்று பிறகு பல நாள் யோசித்தான்.

“ரெண்டு சிமிட்டினார். மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு. பயப்படறார்னு நினைச்சு, நெத்தியில கையை வச்சுக்கிட்டே அமுக்கினேன்.”

ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்திருப்பார்தான்க்கா, வேறென்ன என்றான். சின்ன வயதிலிருந்து அவன் சொன்ன ஒரு பொய்யும் அவளிடம் நின்றதில்லை. அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். டம்ளரை பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

“உள்ள இருந்தப்ப, நான் கொல்லலை, நான் கொல்லலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்டா,” என்றாள். “இனிமே அதை யார்கிட்டச் சொல்லுவேன்?”